அந்த வருசத்துப் பாட்டு

தபசு மரம் நடலாமா வேண்டாமா என்பதில்தான் கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. 2025ஆம் வருசம், பங்குனி மாதம். ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை போகும் சாலையில் இறங்கி, மாந்தோப்புகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்தால் வருகிற ஊர். அம்மா பிறந்த ஊர் என்பதால் அங்கே எனக்குப் பேச உரிமை கிடையாது. உட்கார உரிமை உண்டு. திரௌபதியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் ஜமக்காளம் விரித்து முப்பது பேர் இருந்தோம். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளமும் தீமிதியும் என்று எல்லாம் மளமளவென்று ஒப்புக்கொள்ளப்பட்டன. அர்ச்சுனன் தபசு என்ற வரிக்கு வந்ததும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பையனின் பேனா நின்றுவிட்டது.

“அவன் மரமேறிக் கேட்டா மழை வந்துரும்டா” என்றார் ஒரு பெரியவர். “வந்ததே போதாதா?”

யாரும் சிரிக்கவில்லை. அதற்கு நான்கு மாதம் முன்னால்தான், 2024 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில், ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியிருந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, வலுவிழந்துவிட்டது என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்த நேரம். கடலே பார்க்காத எங்கள் ஊருக்கும் புயலுக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோரும் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தோம். ஒரு வருசத்துக்குப் பெய்வதில் பாதிக்கு மேல் விடிவதற்குள் பெய்து முடித்துவிட்டது. ஏரி நிரம்பி வழிந்து, பேருந்து நிலையத்தை ஒட்டி நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் தண்ணீரில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போன காட்சியை நாடே செல்போனில் பார்த்தது.

மழையைக் கேட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம். விராட பர்வம் படித்தால் மழை வரும், தபசு நடத்தினால் வரும், கொடும்பாவி கட்டி இழுத்தால் வரும், கழுதைக்குக் கல்யாணம் செய்தால் வரும். வா என்று கூப்பிட இத்தனை வழி வைத்திருந்த முன்னோர்கள், போதும் என்று சொல்ல ஒரு வழியையும் விட்டுவிட்டுப் போகவில்லை. அவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது.

கூட்டத்தின் ஓரத்தில் வெற்றிலையை மென்றுகொண்டு கூத்து வாத்தியார் உட்கார்ந்திருந்தார். முன்பணம் வாங்க வந்தவர். எழுபதைத் தொட்டிருப்பார். எழுந்து போய் எச்சில் துப்பிவிட்டு வந்து சொன்னார்: “தபசு இல்லாம பாரதம் ஏதுங்க? பாசுபதம் வாங்காம பதினெட்டாம் போருக்கு எப்படிப் போவான்? மரத்தை நடுங்க. கேக்கறதை நான் மாத்திக்கிறேன்.”

பேனா மறுபடி ஓடத் தொடங்கியது.

*

இதே மாதத்தில்தான் நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் மகள் போனில் பேசினாள். அவள் இருக்கும் ஊரின் நூலக அரங்கில் ஒரு நிகழ்ச்சிக்குப் போய்விட்டு வந்திருந்தாள். அந்த வட்டாரத்தில் வசிக்கிறவர்களே எழுதிய புதிய செவ்வியல் இசை. பியானோ சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மாள், பல் மருத்துவர் ஒருவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் என்று ஆளுக்கொரு படைப்பு. கடைசியில் இருபது நிமிடத்துக்கு ஒரு குட்டி ஓபரா. ஒவ்வொன்றும் முடிந்ததும் எழுதியவர் எழுந்து நிற்க, எல்லோரும் கைதட்டினார்களாம். அறுபது பேர்தான் இருந்தார்களாம். அவளுக்கு அது மிகவும் பிடித்துப் போயிருந்தது.

“நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்கவே நடக்காதில்ல சித்தப்பா?”

“நடக்காது கண்ணு” என்றேன். யோசிக்காமல் சொன்ன பதில்தான்.

அந்த மாதிரி நிகழ்ச்சிகளை நான் இளக்காரமாக நினைப்பவன் இல்லை. வெர்டி என்று உலகம் கொண்டாடும் இத்தாலியர், 1836இல் புசெத்தோ என்ற சிற்றூரில் ஊர் இசைச் சங்கத்துக்கு மாஸ்டராக இருந்தவர். ஊர் பேண்டுக்கு நடைப்பாட்டும் கோயிலுக்குத் தோத்திரமும் எழுதிக் கொடுப்பதுதான் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் எழுதியதை உட்கார்ந்து கேட்க நாலு பேர் இல்லாத ஊரில் வெர்டி வந்திருக்கமாட்டார். அண்ணன் மகள் சொன்னதில் என் மனத்தில் தங்கியது வேறொன்று. எழுதியவர் எழுந்து நின்றார் என்பது.

எங்கள் பக்கம் அப்படி எழுந்து நிற்கிறவரை நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் நடக்காது என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

*

தபசு அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்குமேல்தான் போனேன். இந்த வயதில் முழு ராத்திரி கண்விழிக்க உடம்பு ஒத்துழைப்பதில்லை. சித்திரை வெக்கை. கடலை வண்டியில் பெட்ரோமாக்ஸுக்குப் பதில் எல்.இ.டி. பல்பு. பாயும் தலையணையுமாகக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருந்தார்கள்; பாதிப் பேர் தூக்கம். கூத்தில் தூங்குவது மரியாதைக் குறைவு ஆகாது. எந்த இடத்தில் எழுப்ப வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத் தூங்குவார்கள்.

களத்தில் ஒரு பெஞ்சு. அதில் ஆர்மோனியம், மத்தளம், தாளம், முகவீணை. இந்த முகவீணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெயர் வீணையே தவிர அது ஒரு குட்டிக் குழல், நாகசுரத்தின் பேரப்பிள்ளை மாதிரி இருக்கும். சீவாளியை எச்சிலில் நனைத்து வாயில் வைத்துவிட்டால் ஊர்க்கோடியில் இருக்கும் நாய் தலையைத் தூக்கும். வாசிக்கிறவர் கன்னத்தை உப்பி மூச்சைத் தேக்கி வைத்துக்கொண்டு, பாடுகிறவன் விட்ட இடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவார். வேஷக்காரனுக்குத் தொண்டை கட்டிய ராத்திரிகளில் பாட்டில் பாதியைச் சுமப்பது இந்தச் சாண் குழல்தான். இப்போது பல ஜமாக்களில் கீபோர்டு வந்துவிட்டது. முகவீணைக்காரர் கிடைப்பதில்லை என்கிறார்கள். கிடைக்கிறவருக்குச் சம்பளம் போதவில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை.

களத்துக்கு நடுவே பனைமரத்தண்டு. பக்கவாட்டில் ஆணியாகக் கட்டைகள் அடித்துப் படி செய்திருந்தார்கள். உச்சியில் ஒரு சின்னப் பலகை. நாலு மணிக்குமேல் அர்ச்சுனன் ஏறத் தொடங்கினான். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. குழந்தை வரம் கேட்கும் பெண்கள் ஈரத்துணியோடு கீழே காத்திருந்தார்கள். மேலே இருந்து அவன் போடும் எலுமிச்சம்பழமும் விபூதியும் முந்தானையில் விழ வேண்டும்.

வழக்கமாகச் சிவனை நோக்கித்தான் பாடுவான். உச்சிக்குப் போனதும் அன்றைக்கு அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பினான். கிழக்கு. முகவீணை மெட்டு மாறியது. எதிர்பார்த்த முகாரி வரவில்லை. தாலாட்டு மாதிரி, நீலாம்பரிச் சாயலில், கீழிறங்கி இறங்கி ஒன்று வந்தது. படுத்திருந்தவர்களில் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். அர்ச்சுனன் தன் அப்பனிடம் பேசிக்கொண்டிருந்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அர்ச்சுனன் யார் மகன்? இந்திரன் மகன். மழைக்கு யார் அதிபதி? இந்த எளிய கணக்கு நாற்பது வருசமாகத் தபசு பார்க்கும் என் மண்டையில் ஏறியதே இல்லை. வாத்தியாருக்கு ஏறியிருக்கிறது. மகன் அப்பனிடம் கேட்கிறான். போன கார்த்திகையில் நீ கூடையோடு கவிழ்த்தாய், ஏரி உடைந்தது, வண்டி மிதந்தது, அடுப்பில் மீன் நீந்தியது. கொடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, என் ஜனம் மானாவாரி ஜனம். கூடையை வைத்துவிட்டுச் சல்லடையை எடு. இவ்வளவுதான் பாட்டு. நான் உரைநடையில் சொல்வதால் அதன் சந்தம் போய்விட்டது.

பாட்டு நடுவில் இருக்கும்போது சாலையில் கம்பெனி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. போச்சம்பள்ளி சிப்காட்டுக்கு முதல் ஷிஃப்ட் வண்டி. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பெண்கள் ஏழெட்டுப் பேர் பாயைச் சுருட்டி அம்மாக்களிடம் கொடுத்துவிட்டு ஓடினார்கள். ஒருத்தி மட்டும் பின்பக்கமாகவே நடந்து போனாள், மரத்தைப் பார்த்தபடி. ஹாரன் ஓயும்வரை இந்திரன் மகன் உச்சியில் பொறுமையாகக் காத்திருந்தான். ஓய்ந்ததும் விட்ட இடத்தில் எடுத்தான். “உங்கப்பன்தான் ஹாரன் அடிக்கறான், சரின்னு சொல்லிட்டான்” என்று கட்டியக்காரன் கீழிருந்து கத்த, கூட்டம் சிரித்தது.

பாட்டு முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. என் பக்கத்தில் இருந்த ஒரு ஆயா கையைக் கூப்பி வானத்தைப் பார்த்து, “ஆமாஞ்சாமி, சல்லடைதான்” என்றாள்.

*

செல்போனில் பதிந்ததை அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். பாட்டில் கால்வாசியை ஹாரன் விழுங்கியிருந்தது. இருந்தாலும் அவள் நாலைந்து முறை கேட்டிருக்கிறாள். “இசை அமைத்தது யார்?” என்று எழுதியிருந்தாள். நியாயமான கேள்வி. மறுநாள் வாத்தியாரைத் தேடிப் போனேன். கோயில் மண்டபத்தில் முகத்து அரிதாரம் போகாமல் படுத்திருந்தார்.

“நேத்து தபசுல பாடினது யாரு பாட்டு வாத்தியாரே?”

“அர்ச்சுனன் பாட்டுங்க.”

“அது சரி. கட்டினது யாரு?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “மெட்டு எங்க அம்மா பாடறது. வார்த்தை நீங்க எல்லாம் கூட்டத்துல பேசினதுதானே? நான் அடுக்கினேன்.”

அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. முன்பணத்தில் ஐந்நூறு ரூபாய் குறைந்ததற்காகத் தர்மகர்த்தாவோடு அரைமணி நேரம் சண்டை போட்டவர் அவர். தனக்குச் சேர வேண்டியது எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பாட்டை மட்டும் அந்தக் கணக்கில் அவர் சேர்க்கவில்லை.

முழுக்கதையையும் பாட்டாகவே நடத்துவதுதான் ஓபரா என்றால் கூத்தும் அதுதான் என்று பலர் சொல்லிவிட்டார்கள். அதை நிரூபிக்கும் ஆசை எனக்கு இல்லை. வெள்ளைக்காரன் வீட்டு அளவுகோலில் நம் பிள்ளையின் உயரத்தை அளந்து பூரிப்பதில் எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. ஆனால் ஒரு ஒற்றுமை என்னை விடமாட்டேன் என்கிறது. 1600ஐ ஒட்டிய வருசங்களில் பிளாரன்ஸ் நகரத்தில் படித்தவர்கள் சிலர் கூடி, பழைய கிரேக்க நாடகங்கள் முழுக்கப் பாடப்பட்டவை என்று நம்பி, அந்தப் பழசைத் திரும்ப எழுப்பப் பார்த்தார்கள். எழுந்தது பழசாக இல்லை. ஓபரா என்ற புதுசாக இருந்தது. அப்படிப் பிறந்தவற்றில் இன்று நம் கைக்குக் கிடைக்கும் முதலாவது, யாக்கப்போ பெரியின் ‘யூரிடிசே’, 1600. ஏழு வருசம் கழித்து மாந்துவாவில் மான்டெவெர்டியின் ‘ஓர்ஃபேயோ’. இரண்டுக்கும் கதை ஒன்றுதான். செத்துப்போன மனைவியைத் திருப்பித் தரும்படி பாதாள லோகத்தில் போய்ப் பாடிக் கேட்கிறான் ஒருவன். கையில் ஆயுதம் கிடையாது, படை கிடையாது. பாட்டு மட்டும்.

பனைமரத்து உச்சியில் நின்றவனும் அதையேதான் செய்தான். வில்லுக்கு விஜயன் என்று பேரெடுத்தவன், வில்லை மரத்தடியில் வைத்துவிட்டு ஏறியிருந்தான்.

*

இந்தக் கேட்கிறவர்கள் வரிசையில் நம்மிடம் இருக்கும் பெரிய ஆள் நந்தன். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் கதையில் வேதியர் என்று ஒரு பண்ணையார் கிடையாது. நந்தனைச் சிதம்பரத்துக்கு விடாமல் மறிக்கிற அந்த ஆண்டையைப் படைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், தஞ்சைச் சீமையில் பண்ணையாட்கள் அடிமைகளாக வயலில் கிடந்ததைக் கண்ணால் பார்த்த மனிதர். புராணத்தில் நந்தன் சிவனை மட்டும் கேட்டால் போதும். பாரதியாரின் கீர்த்தனையில் அவன் முதலில் ஆண்டையைக் கேட்க வேண்டும். உத்தரவு கேட்டு உத்தரவு கேட்டு, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ராகத்தில். எத்தனை பாட்டு! கேட்கிறவனுக்கு இத்தனை விதமாகக் கேட்கத் தெரிந்திருக்கிறதே என்று நெஞ்சு அடைக்கும். மறுக்கிறவனுக்கு அந்த வளம் வேண்டியதில்லை. உத்தரவு போடுகிறவனுக்கு ஒரே வார்த்தை போதும்.

அந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வாங்க மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் நடையாய் நடந்த கதையை உ.வே.சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். பாட்டுகளில் இலக்கணப் பிழை மலிந்திருக்கிறது என்று பிள்ளையவர்கள் கொடுக்க மறுத்து, நாள் கடத்தினார். ஒருநாள் மத்தியானம் அவர் உள்ளே ஓய்வாக இருக்க, காத்திருந்த பாரதியார் தம்பாட்டுக்குத் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கீர்த்தனைகளைப் பாடத் தொடங்கினார். உள்ளேயிருந்து காதில் விழுந்தது. பிள்ளையவர்கள் உருகிப் போய்ப் பாயிரம் கொடுத்தார். படித்தபோது தெரிந்த பிழைகள் கேட்டபோது எங்கே போயின என்று சாமிநாதையர் ஆராயவில்லை. ஆராயாமல் விட்டது நல்லது.

திண்ணையில் இருந்தவர் கேட்டார். உள்ளே இருந்தவரும் கேட்டார். பிச்சை கேட்பதும் பாட்டுக் கேட்பதும் தமிழில் ஒரே சொல். வரம் கேட்கிறோம், கடன் கேட்கிறோம், பெண் கேட்கிறோம், கச்சேரி கேட்கிறோம். கையேந்துவதற்கும் காது கொடுப்பதற்கும் நமக்கு இரண்டு சொல் இல்லை. மொழி வறுமையால் வந்த குறை என்று ஒரு காலத்தில் நான் நினைத்ததுண்டு. “கேக்கறதை நான் மாத்திக்கிறேன்” என்று வாத்தியார் வேப்பமரத்தடியில் சொன்னாரே, அதில் அவர் எந்தக் கேட்பைச் சொன்னார்? சிவனை விட்டு இந்திரனைக் கேட்பதையா, முப்பது பேர் புலம்பியதைக் காதில் வாங்கியதையா? ஒன்றைச் செய்தால்தான் மற்றது முடியும் என்று அவர் தொழிலுக்குத் தெரிந்திருக்கிறது. ஊர் என்ன கேட்கிறது என்று கேட்டான பிறகுதான் அவர் மேலே பார்த்துக் கேட்டார். எழுந்து நிற்க ஒரு ஆள் இல்லாமல் போனதற்குக் காரணமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கேட்டவர்கள் எல்லோரும் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

*

இதை வைத்துக்கொண்டு கிராமத்தைக் கோயிலாக்கி விடக்கூடாது. ஊர் கேட்டது என்று எழுதும்போது பேனா ஒருமுறை இடறத்தான் செய்கிறது. எந்த ஊர்? ஜமக்காளத்தில் இருந்த முப்பது பேரில் ஒரு பெண் இல்லை. காலனியிலிருந்து வந்த இரண்டு பேர் ஜமக்காளத்துக்கு வெளியே குத்துக்காலிட்டு இருந்தார்கள். வெள்ளம் காலனிக்குள் முதலில் வந்தது. பாட்டில் அந்த வரிசை இல்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித்துகளை உள்ளே விட மறுத்த தகராறில், இதே திரௌபதியம்மனின் கோயிலுக்கு 2023 ஜூனில் அதிகாரிகள் சீல் வைத்தார்கள். நந்தன் கேட்டு ஆயிரம் வருசத்துக்கு மேல் ஆகிறது. பாரதியார் அதைப் பாட்டாக்கி நூற்றறுபது வருசம். கச்சேரி மேடைகளில் அந்தக் கீர்த்தனைகளை மனமுருகக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டவர்களின் வம்சம்தான் நாம். காதால் கேட்பதும் கேட்பதுதான், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதற்கு வசதியான சொல் அது.

எல்லைக்கு அந்தப் பக்கம், பழைய மைசூர்ச் சீமையில், இன்னொரு விதமாக நடக்கிறது. ‘குருட்சேத்திரம்’ என்று ஒரு நாடகம். ஆர்மோனியம் மேஷ்ட்ரு ஒருவர் ஊருக்கு வந்து மாதக்கணக்கில் தங்கி, விவசாயி, கண்டக்டர், மில் தொழிலாளி என்று கிடைத்தவர்களுக்கெல்லாம் பாட்டுச் சொல்லிக்கொடுத்து மேடை ஏற்றுவார். வேஷத்துக்கு வேஷக்காரர்தான் பணம் கட்ட வேண்டும். துரியோதனனுக்கும் கிருஷ்ணனுக்கும் கூடுதல் தொகை, சில்லறை வேஷம் மலிவு. ஒசூர்ப் பக்கம் என்னோடு வேலை பார்த்த ஒருவர் தன் போனஸை முழுக்கக் கொடுத்து ஒரு ராத்திரி கர்ணனாக இருந்தார். குரல் கரகரவென்று இருக்கும், சுருதியோடு அதற்கு ஒட்டுறவு கிடையாது. ஆனால் குந்தியிடம் அவர் பேசிய இடத்தில் அவர் மனைவி அழுததை நான் பார்த்தேன். பணத்தை நினைத்து அழுதாள் என்று நண்பர்கள் சொன்னார்கள்.

அந்த 2025 மார்ச் 8ஆம் தேதி, லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை முதன்முதலாக வாசித்தது. ஊத்தங்கரை பேருந்து நிலைய டீக்கடையில் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் சிம்பொனி என்றால் என்னவென்று தெரியாது, பெருமைக்கு அது தடையாக இல்லை. பண்ணைப்புரத்துக்காரர், அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர். அன்றைக்கு எந்த ஊரில் என்ன பிரச்சினையோ அதற்குப் பாட்டுக் கட்டும் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, எண்பதை ஒட்டிய வயதில், தன் மொழி தெரியாத வாத்தியக்காரர்களுக்கு ஒவ்வொரு சுரத்தையும் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். தாளில் எழுதினால் எழுதியவர் இல்லாத காலத்திலும் வாசிக்கலாம். கடலைத் தாண்டும், காலத்தைத் தாண்டும். அதன் பெரிய பலம் அது. எங்கள் வாத்தியாரின் பாட்டுக்கு அந்தப் பலம் இல்லை. அது கோயில் களத்தைத் தாண்டவே இல்லை, என் செல்போனில் ஒரு ஹாரனுக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டதைத் தவிர.

*

இந்த வருசமும் பங்குனியில் கூட்டம் கூடியது. நான் சீக்கிரமே போய் வாத்தியாரைப் பிடித்தேன். அந்த இந்திரன் பாட்டை இன்னொரு முறை, ஹாரன் இல்லாத இடத்தில், பாடிக் காட்டச் சொன்னேன். அண்ணன் மகள் சுரப்படுத்தி வைக்கிறேன் என்றிருக்கிறாள் என்றும் சொன்னேன்.

அவர் தன் நோட்டை எடுத்தார். காடாத்துணி அட்டை போட்ட பெரிய நோட்டு. நடுநடுவே பி. இரத்தின நாயகர் அச்சிட்ட பழைய நாடகப் புத்தகத்தின் தாள்கள் ஒட்டியிருந்தன, மஞ்சளாகி, ஓரம் உதிர்ந்து. அச்சுக்குப் பக்கத்து வெற்றிடத்தில் மூன்று நான்கு கையெழுத்துகள். ஊதா மையில் இருந்தது அவருடைய வாத்தியாருடையது. பென்சிலில் மங்கிப் போயிருந்தது அவருக்கும் வாத்தியாருடையது. ஓர் இடத்தில் ‘தாது வருஷம் பாடியது’ என்று ஒரு குறிப்பு, மேலே அடித்திருந்தது. புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இந்திரன் பாட்டு இல்லை. “கல்யாணப் பத்திரிகை பின்னாடி எழுதினேன். எங்கியோ வெச்சேன்.”

“மனப்பாடமா இருக்குமே?”

கண்ணை மூடி மெட்டை முனகினார். முதல் இரண்டு அடி வந்தது. மூன்றாவதில் பழைய பாட்டுக்குள் வழுக்கி விழுந்துவிட்டார். சிரித்தார்.

“அது அந்த வருசத்துப் பாட்டுங்க. போன வருசம் நல்லபடியா பெஞ்சுதில்ல? போயிருச்சு.”

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இழந்தவன் நான் என்பது போலவும், அவர் ஒன்றையும் இழக்கவில்லை என்பது போலவும் இருந்தது அது. வெளிநாடுகளில் புதிதாக எழுதப்படும் செவ்வியல் படைப்புகள் பலவற்றுக்கு இரண்டாவது மேடையே கிடைப்பதில்லை என்று அண்ணன் மகள் வருத்தப்பட்டிருந்தாள். முதல் அரங்கேற்றத்துக்கு வருகிறவர்கள் இரண்டாவதற்கு வருவதில்லையாம். இங்கேயும் அந்தப் பாட்டுக்கு இரண்டாவது மேடை இல்லை. இரண்டும் ஒன்றா என்று யோசித்துக்கொண்டே வேப்பமரத்தடிக்கு வந்தேன். பசித்தவனுக்கு வைத்த சோறு தீர்ந்துபோவதற்கும், யாரும் தொடாமல் ஊசிப்போவதற்கும் பாத்திரம் காலியாவது ஒன்றுதான்.

ஜமக்காளம் விரித்திருந்தார்கள். இந்த முறை காலனி ஆட்கள் நாலு பேர். இரண்டு பேர் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரின் முழங்கால் ஜமக்காளத்தின் மேலும் பாதம் மண்ணிலுமாக இருந்தது. தபசுக்கு எந்தத் தடையும் வரவில்லை, பேனா நிற்காமல் ஓடியது. எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் வாத்தியார் வழக்கம்போல எச்சில் துப்பிவிட்டு வந்து நின்றார்.

“இந்த வருசம் என்ன கேக்கணும்?”

கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. போன வருசம் பெங்களூரா மாங்காய் விலை சரிந்து, பறிப்புக் கூலிக்கும் லாரி வாடகைக்கும் கட்டாமல் தோப்பிலேயே பழுத்து விழவிட்டவர்கள் அந்த ஜமக்காளத்திலேயே பத்துப் பேராவது இருப்பார்கள். கீழே விழுந்து அழுகியதை அள்ளிக் கொட்ட மறுபடி கூலி கொடுத்தவர்கள். அதை யாரிடம் கேட்பது? மண்டிக்காரரிடமா, கூழ் ஆலைக்காரரிடமா, கலெக்டரிடமா? இந்திரன் மாதிரி அதற்கென்று ஒரு அப்பன் இல்லை.

“மாங்காய்க்கு ஏதாச்சும் பண்ணு வாத்தியாரே” என்றது விளிம்பில் இருந்து ஒரு குரல்.

“பாரதத்துல மாங்காய் எங்கடா வருது?” என்று யாரோ அடக்கினார்கள்.

வாத்தியார் உடனே பதில் சொல்லவில்லை. தாடையைச் சொறிந்தார். ஆர்மோனியப் பெட்டி மேல் விரலை வைத்து இல்லாத கட்டைகளை அழுத்திப் பார்த்தார். பிறகு மெல்ல, யாரிடமோ விசாரிக்கிற மாதிரி, “பழம் பொருந்து இருக்குதே” என்றார்.

பெரியவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. வில்லிபாரதத்தில் வருவதுதான். வனவாசத்தில் திரௌபதி ஆசைப்பட்டாள் என்று அர்ச்சுனன் ஒரு கனியை அடித்து வீழ்த்திவிடுகிறான். அது ஒரு முனிவருக்கு உரிய கனி என்று பிறகுதான் தெரிகிறது. சாபம் வரும். கண்ணன் வந்து ஒரு வழி சொல்கிறான்: ஒவ்வொருவரும் மனத்தில் மறைத்து வைத்திருக்கும் உண்மையைச் சொன்னால், விழுந்த கனி போய் மரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐந்து பேரும் சொல்கிறார்கள், கடைசியில் திரௌபதியும்.

“அது நெல்லிக்கனி இல்லீங்களா?” என்றான் நோட்டில் எழுதும் பையன்.

“மத்த வருசம் நெல்லி” என்றார் வாத்தியார். “இந்த வருசம் மாங்காய்னு எழுதிக்க. யார் யார் என்ன உண்மை சொல்லணும்னு ராத்திரிக்குள்ள எனக்குச் சொல்லுங்க.”